கால் பழகும் மாதம்

தை பிறந்ததும் மதுரை–தூத்துக்குடி நெடுஞ்சாலையின் ஓரம் பச்சையாகிவிடும். பச்சை வேட்டி, பச்சைச் சேலை, கழுத்தில் மாலை, தோளில் ஒரு துணிப்பை. காரியாபட்டி, அருப்புக்கோட்டை, பந்தல்குடி என்று ஊர் ஊராகச் சேர்ந்துகொண்டு தெற்கே நடப்பார்கள். முருகன் படத்துக்குப் பூ அலங்காரம் செய்து சீரியல் பல்பு சுற்றிய வண்டி ஒன்று முன்னால் மெல்ல ஊரும். அதன் பின்னால் பத்துப் பேர் வரும் குழுவும் உண்டு, நூறு பேர் வரும் குழுவும் உண்டு. தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் போகிற கூட்டம் இது. அருப்புக்கோட்டையிலிருந்து தூத்துக்குடி சுமார் 90 கிலோமீட்டர். அங்கிருந்து திருச்செந்தூர் இன்னும் 40. மூன்று அல்லது நான்கு நாள் நடை.

பேருந்தில் போகிறவர்கள் கண்ணில் படுவது இந்த நாலு நாள்தான். அதற்கு முன்னால் மார்கழி முழுக்க ஓர் ஆயத்தம் நடக்கிறது. முதல் முறை நடக்கப்போகிறவருக்கு அந்த மார்கழிதான் யாத்திரையின் கனமான பகுதி. காலைப் பழக்குவது, வயிற்றைப் பழக்குவது, தூக்கத்தைப் பழக்குவது எல்லாம் அதில் அடங்கும். இவற்றையெல்லாம் விடக் கடினமான பழக்கம் ஒன்றும் அதில் இருக்கிறது. அடுத்தவர் கையிலிருந்து வாங்கிக்கொள்ளப் பழகுவது. நான் முதன்முதலாக மாலை போட்ட மார்கழியில், அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவே உள்ள கரிசல் காட்டில் நடந்து நடந்து இதைத்தான் கற்றுக்கொண்டேன்.

விரதம் என்னும் பயிற்சி

மாலை போடுவதில் குழுவுக்குக் குழு வழக்கம் மாறும். ஒரு மண்டலம், அதாவது 48 நாள் இருப்பவர்கள் உண்டு. 21 நாள், 11 நாள் இருப்பவர்களும் உண்டு. விதிகள் ஏறக்குறைய ஒன்றுதான். விடியுமுன் எழுந்து குளிர்ந்த நீரில் குளிக்க வேண்டும். கவிச்சி கிடையாது. பாயோ துண்டோ விரித்துத் தரையில் படுக்க வேண்டும். கூடியமட்டும் செருப்பில்லாமல் நடமாட வேண்டும். யாரைக் கண்டாலும் ‘சாமி’ என்றே கூப்பிட வேண்டும்.

இவற்றைப் பக்தியின் கட்டுப்பாடுகளாக மட்டுமே பலரும் பார்க்கிறார்கள். சாலையில் இறங்கிய பிறகுதான் இவற்றின் இன்னொரு முகம் தெரியும். நடைப் பயணத்தில் அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டியிருக்கும். அந்நேரத்துக்கு எழும் பழக்கம் உடம்புக்கு ஏற்கெனவே வந்திருக்கும். கல்யாண மண்டபத்துத் தரையிலோ பள்ளிக்கூடத் திண்ணையிலோ படுக்க வேண்டியிருக்கும். முதுகு அதற்கும் பழகியிருக்கும். கிடைத்ததைக் கிடைத்த நேரத்தில் சாப்பிட வேண்டியிருக்கும், வயிறு அடம்பிடிக்காது. முன்பின் தெரியாதவரோடு ஒரே சாக்கில் உட்கார வேண்டியிருக்கும். ஒரு மாதமாகச் ‘சாமி’ சொல்லிய வாய்க்கு அது கூச்சமாக இராது. விரதத்தின் ஒவ்வொரு விதியும் நடைக்கான பயிற்சி. இதை வகுத்த முன்னோர்கள் நடந்து பார்த்துத்தான் வகுத்திருக்கிறார்கள்.

இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நடையில் ஒரு படிவரிசையும் உண்டு. ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடப்பார்கள். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இடத்தில், சாத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்தக் கோயில். அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு ராத்திரி நடையில் போய்விடலாம். அதை முடித்தவர் தையில் திருச்செந்தூருக்குத் துணிவார். ஆடி நடையைத் தாங்கிய கால்தான் தை நடைக்கு முதல் ஆதாரம்.

காலும் கரிசலும்

நடையைக் கூட்டிக்கொண்டு போவதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும். முதல் வாரம் தினம் நாலைந்து கிலோமீட்டர் போதும். அடுத்த வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போய், ஒரே மூச்சில் பதினைந்து, இருபது என்று வர வேண்டும். ஒரு நாள் இருபது நடந்துவிட்டு மறுநாள் ஓய்வெடுத்தால் உண்மை தெரியாது. இரண்டு நாள் அடுத்தடுத்து நடந்து பார்க்க வேண்டும். நெடுநடையில் காலைச் சோதிப்பது இரண்டாம் நாள் காலைதான். கிளம்புவதற்கு முந்தைய நாலைந்து நாள் நடையைக் குறைத்து உடம்பை ஆறவிட வேண்டும்.

இதற்குத் திருச்சுழிச் சாலை நல்ல களம். அருப்புக்கோட்டையிலிருந்து கிழக்கே பதினைந்து கிலோமீட்டர் அளவு. மார்கழி இருட்டில் கிளம்பினால் பனி தலையை நனைக்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து கண்மாய்களில் அந்த வருஷத்துக்கு இருப்பது இவ்வளவுதான் என்று தெரிந்துவிடும் நேரம் அது. கலுங்கு வழிந்த வருஷம் என்றால் ஊர்க்காரர் பேச்சிலேயே ஒரு தெம்பு இருக்கும். விடிய விடியக் கரிசல் கண்ணுக்குத் தெரியும். பருத்திச் செடியில் மஞ்சள் பூ. மானாவாரிக் காட்டில் கதிர் முற்றித் தலைசாய்ந்த குதிரைவாலி. இலை பழுத்து விதைக்கு நிற்கும் மல்லி. அதன் மணம் ரோடு வரைக்கும் வரும். தரிசாய்ப் போன இடமெல்லாம் சீமைக்கருவேலம். நடுநடுவே ஒற்றைப் பனை. நிழல் என்று ஒதுங்க ஊர் முகப்பில் நிற்கும் வேம்போ புளியோ வந்தால்தான் உண்டு.

இந்த மண்ணில் வெறுங்காலால் நடக்க அறிவு வேண்டும். காய்ந்த கரிசல் வெடித்து விளிம்பு கூராக நிற்கும். ஈரக் கரிசல் பாதத்தில் அப்பிக்கொண்டு கட்டி கட்டியாகச் சேர்ந்து காலைக் கனக்கச் செய்யும். ரோட்டோர மண்ணில் கருவேல முள் படுத்துக் கிடக்கும். தாரோ பத்து மணிக்கெல்லாம் சுடத் தொடங்கும். முதல் வருஷக்காரர்கள் மண்ணுக்கும் தாருக்குமாக மாறி மாறித் தாவுவார்கள். பழகியவர்கள் தார் ரோட்டின் வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொள்வார்கள். வெள்ளைப் பெயின்ட் கறுப்புத் தாரைவிடச் சூடு குறைவு என்பது அவர்கள் பாதம் கண்டறிந்த பௌதிகம்.

எங்கள் குழுவை நடத்தும் குருசாமி அருப்புக்கோட்டையில் தறி ஓட்டுகிறவர். தறிக்குழியில் மிதிகட்டை மிதித்துப் பழகிய கால் அவருடையது. பயிற்சி நடை முடிந்து திருச்சுழியில் உட்கார்ந்ததும் புதியவர்கள் ஒவ்வொருவரின் பாதத்தையும் மடியில் எடுத்து வைத்துப் பார்ப்பார். குதிகாலைக் கட்டைவிரலால் அழுத்துவார். விரல் இடுக்கை விரித்துப் பார்ப்பார். முன்பாதத்தில் தோல் சிவந்து, தொட்டால் சூடாக இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுவார்.

“இது நாளைக்குக் கொப்புளமாயிரும் சாமி. இன்னைக்கே எண்ணெய் போட்டுக் கட்டிட்டா ஆகாது. எரியுதுன்னா உடனே சொல்லணும், வெக்கப்பட்டுக்கிட்டு நடக்கக் கூடாது.”

ராத்திரி வெந்நீரில் காலைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, விளக்கெண்ணெயோ தேங்காயெண்ணெயோ தேய்த்துவிட்டுப் படுக்கச் சொல்வார். நகத்தை ஒட்ட வெட்டாமல் நேராக வெட்டச் சொல்வார். கொப்புளம் வந்துவிட்டால் சிறியதைக் குத்தவே கூடாது. சுத்தமான துணியால் மூடிக் காப்பாற்ற வேண்டும். மேல்தோல்தான் அதற்கு நல்ல மருந்துக்கட்டு. ஊசியில் நூல் கோத்துக் கொப்புளத்துக்குள் விட்டு வைக்கும் பழக்கம் பல குழுக்களில் இன்னும் இருக்கிறது. அந்த நூல் வழியே அழுக்கு உள்ளே போய்ச் சீழ் பிடிக்கும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் செருப்பில்லாமல் நடக்கவே கூடாது என்று வற்புறுத்திச் சொல்கிறேன். உணர்ச்சி குறைந்த பாதத்தில் முள் ஏறினாலும் தெரியாது. புண் ஆறவும் நாளாகும். மருத்துவரைப் பார்த்துவிட்டு, பாதத்துக்குப் பொருந்திய பழகிய காலணியோடு, மாத்திரையையும் கையில் கொஞ்சம் இனிப்பையும் வைத்துக்கொண்டு நடக்கட்டும். புதுக் காலணி யாருக்குமே வேண்டாம். காலணி போட்டதால் முருகன் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை.

திருச்சுழியிலிருந்து போன ஒரு பையன்

பயிற்சி நடை முடியும் திருச்சுழி, குண்டாற்றங்கரை ஊர். சுந்தரர் தேவாரம் பெற்ற தலம். சுவாமி திருமேனிநாதர், அம்மன் துணைமாலையம்மை. கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வீடு இருக்கிறது. 1879 டிசம்பர் 30 அன்று, மார்கழித் திருவாதிரையை ஒட்டி, அந்த வீட்டில் பிறந்த வேங்கடராமன்தான் பின்னாளில் ரமண மகரிஷி.

அவர் மதுரையிலிருந்து திருவண்ணாமலைக்குப் போன கதையை யாத்திரைக்குத் தயாராகிறவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 1896 ஆகஸ்ட் 29. பதினாறு வயது. அண்ணனின் கல்லூரிச் சம்பளத்துக்காக இருந்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டை ஒரு சீட்டோடு வைத்துவிட்டு ரயிலேறினார். திண்டிவனம் வரைக்கும்தான் சீட்டு. வழியில் விழுப்புரத்தில் இறங்கி, ஒரு சாப்பாட்டுக் கடையில் சாப்பிட்டார். கையில் இரண்டரை அணாதான் இருக்கிறது என்று தெரிந்ததும் கடைக்காரர் காசு வாங்க மறுத்துவிட்டார். அந்தக் காசு மாம்பழப்பட்டு வரை ரயிலுக்கு ஆயிற்று. அங்கிருந்து சுமார் பத்து மைல் நடந்து அரகண்டநல்லூர்க் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தார். அன்றிரவு கீழூர்க் கோயிலில் சோறு கேட்டபோது இல்லை என்றார்கள். அங்கிருந்த மேளக்காரர் தன் பங்குச் சோற்றை அந்தப் பையனுக்குக் கொடுக்கச் சொன்னார். மறுநாள் முத்துகிருஷ்ண பாகவதர் வீட்டில் சாப்பாடு கிடைத்தது. காதுக் கடுக்கனை அடமானம் வைத்துக்கொண்டு நாலு ரூபாயும் கொடுத்தார்கள். செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை.

எந்த ஆயத்தமும் இல்லாமல் போன பயணம் இது என்று சொல்வார்கள். ஆயத்தம் இருந்தது, அதைச் செய்து வைத்திருந்தவர்கள் வழியில் இருந்தார்கள். சாப்பாட்டுக் கடைக்காரர், மேளக்காரர், பாகவதர் வீட்டுப் பெண்கள். ஒரு பெரிய துறவியின் வரலாறு அந்த மூன்று வேளைச் சாப்பாட்டின் மேல் நடந்து போயிருக்கிறது.

தண்ணீர்ப்பந்தல்

அருப்புக்கோட்டையை அடுத்த கோவிலாங்குளத்தில் பழைய சமணக் கோயில் ஒன்றின் எச்சம் இருக்கிறது. முதலாம் குலோத்துங்க சோழன் காலத்துக் கல்வெட்டும் அங்கே உண்டு. முக்குடையார் எனப்படும் சமணத் தீர்த்தங்கரருக்குக் கோயில் எடுத்தவர்கள் அதோடு கிணற்றுக்கும் தண்ணீர்ப்பந்தலுக்கும் ஏற்பாடு செய்த செய்தியை அது சொல்கிறது. தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன்னால் இந்த வறண்ட காட்டில் அறம் செய்ய நினைத்தவர்களுக்குக் கோயிலும் குடிநீரும் ஒரே மூச்சில் தோன்றியிருக்கின்றன. வழிப்போக்கனின் தாகத்தை ஊர் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டதற்கு இது கல்லில் உள்ள சாட்சி.

இன்றும் தையில் அதே வேலை நடக்கிறது. பந்தல்குடி தாண்டி ரோட்டோரத்தில் சிமென்ட் தொட்டியும் பிளாஸ்டிக் குடமும் வைத்துக்கொண்டு ஆட்கள் நிற்பார்கள். நீர்மோர், பானகம், சுக்குக் காப்பி, கம்மங்கூழ். சில இடங்களில் அண்டா நிறையப் பொங்கலோ புளிச்சோறோ. அவர்களில் பலர் குடத்துத் தண்ணீரையே காசு கொடுத்து வாங்கும் ஊர்க்காரர்கள்.

“வாங்க சாமி, ஒரு வாய் குடிச்சுட்டுப் போங்க. எங்களாலதான் நடக்க முடியல, நீங்க நடக்கிறது எங்களுக்கும் சேத்துத்தான்.”

இந்த வார்த்தையைக் கேட்கும்போது கை நீட்டுவதற்கு மனம் கூசும். சம்பாதித்து, செலவழித்து, யாரிடமும் கடன்படாமல் வாழ்வதையே பெருமையாக நினைக்கும் நமக்கு, முன்பின் தெரியாத ஒருவர் கையால் இலவசமாகச் சாப்பிடுவது சுலபமாக வருவதில்லை. பையிலிருந்து காசை எடுக்கக் கை போகும். அப்படிக் கொடுக்கக் கூடாது. குடித்துவிட்டு, கும்பிட்டுவிட்டு நகர வேண்டும். கொடுத்தவரின் வேண்டுதலையும் சேர்த்துச் சுமந்துகொண்டு நடக்க வேண்டும். பயிற்சி நடைகளின்போதே இதைப் பழகிக்கொள்ளலாம். வழியில் கண்மாய்க்கரைச் சிறு ஊரில் நின்று, “அம்மா, கொஞ்சம் தண்ணி” என்று கேளுங்கள். கடையில் பாட்டில் வாங்குவதை அன்றைக்கு மட்டும் விட்டுவிடுங்கள். கேட்கத் தெரிந்துகொண்டவர்தான் யாத்திரைக்குத் தயாரானவர்.

உலகத்தின் பெரிய நடைகள் எல்லாமே இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் நிற்கின்றன. நகரத்தார் பல தலைமுறையாகக் காவடி தூக்கிப் பழனிக்கு நடக்கிறார்கள். மராட்டியத்தில் ஆளந்தியிலிருந்து பண்டரிபுரத்துக்கு வார்க்கரிகள் லட்சக்கணக்கில் நடக்கிறார்கள். வழிநெடுக ஊர்கள் அவர்களுக்குச் சமைத்துப் போடுகின்றன. இலங்கையில் யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கிழக்குக் கரையோரமாகக் கதிர்காமத்துக்கு நடக்கும் தமிழர்களும் கோயில் கோயிலாகத் தங்கி, ஊர் கொடுப்பதை உண்டு, கடைசியில் யால காட்டைக் கடக்கிறார்கள்.

பையும் பாதுகாப்பும்

வண்டியில் பாத்திரம், அரிசி, படுக்கை எல்லாம் வந்துவிடும். தோள்பையில் இருக்க வேண்டியவை சில மட்டுமே. மாற்றுத் துணி ஒரு ஜோடி, துண்டு இரண்டு, தண்ணீர் பாட்டில், பருத்திக் காலுறை, சின்ன எண்ணெய்ப் புட்டி, கட்டுத்துணி, அன்றாட மாத்திரை, டார்ச், வீட்டுத் தொலைபேசி எண் எழுதிய சீட்டு. பையைத் தூக்கிப் பார்த்துக் கனமாகத் தோன்றினால் இன்னும் ஒன்றை எடுத்துவிடலாம்.

வெயிலில் நடந்து வேர்த்தவர் வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருந்தால் தலை சுற்றும். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் மட்டமாக அளந்து கலந்துகொள்ளலாம். சர்க்கரை நோய்க்காரர்கள் உப்புப் போட்ட நீர்மோரை வைத்துக்கொள்ளட்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் ரோடு. நான்கு வழிச்சாலையில் இருட்டில் வரும் லாரிக்காரருக்குப் பச்சை வேட்டி தெரியாது. பாதயாத்திரைக்காரர்கள் மீது வாகனம் மோதிய செய்தி வராத தை மாதம் அபூர்வம். காவல்துறையினர் பையிலும் சட்டையிலும் ஒளி பிரதிபலிக்கும் ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறார்கள். அதை உரித்துப் போடாமல், முதுகிலும் ஒன்று ஒட்டிக்கொள்ள வேண்டும். இருட்டில் ஒற்றை வரிசையில், சாலையின் விளிம்பை விட்டு மண்ணில் இறங்கி நடக்க வேண்டும். காதில் பாட்டு மாட்டக் கூடாது. தூக்கம் கண்ணைச் சொருகினால் அந்த இடத்திலேயே ரோட்டை விட்டு விலகி உட்கார்ந்துவிட வேண்டும். குழு காத்திருக்கும். காத்திருக்காத குழுவோடு போகவே வேண்டாம்.

நம்மைத் தேடி வந்த ஆற்றுக்கு நடந்து போவது

கிளம்பும் நாள் வந்தபோது வழி முழுவதும் ஏற்கெனவே பாதிப் பழக்கமாகியிருந்தது. அதிகாலையில் நடந்து, பத்து மணிக்கு ஒதுங்கி, வெயில் தாழ்ந்தபின் மறுபடி நடந்தோம். எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடும், உமறுப்புலவர் அடக்கமான இடமும், முத்துசாமி தீட்சிதர் சமாதியும் ஒரே ஊருக்குள் இருக்கின்றன. பச்சை வேட்டிக்காரர்கள் மூன்றையும் கும்பிட்டுவிட்டுத்தான் நகர்ந்தார்கள். எப்போதும்வென்றான், குறுக்குச்சாலை, பிறகு தூத்துக்குடி உப்பளக் காற்று.

அதன் பிறகு முக்காணிக்கும் ஆத்தூருக்கும் இடையே தாமிரபரணிப் பாலம். வாழையும் வெற்றிலைக் கொடிக்காலுமாக இருபக்கமும் பசுமை. கரிசல் காட்டு ஆட்கள் பாலத்தில் நின்று நீரைப் பார்த்தது பார்த்தபடி இருந்தார்கள். அருப்புக்கோட்டைக் குழாயில் வருகிற தண்ணீரில் இந்த ஆற்றின் பங்கும் உண்டு. கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாயில் பல கிலோமீட்டர் கடந்து நம் வீட்டுக்கு வரும் ஆற்றுக்கு நன்றி சொல்ல நடந்தே வந்ததாக எனக்குத் தோன்றியது. மறுநாள் ஒன்பது நிலைக் கோபுரம் கண்ணில் பட்டது. கடலில் குளித்து, நாழிக்கிணற்றில் நீராடி, வரிசையில் நின்றோம்.

சந்நிதியில் கிடைத்தது சில விநாடி. அதற்காக ஒரு மாதம் ஆயத்தம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அந்த மாதத்தில் ஒரு மனிதர் தன் தேவைகளை ஒவ்வொன்றாகக் குறைத்துப் பார்க்கிறார். தன் ஊரைச் சுற்றியுள்ள கண்மாயையும் காட்டையும் முதல்முறையாகக் காலால் அறிகிறார். தன்னைத் தாங்குகிறவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்துகொள்கிறார். இதில் எதுவும் சந்நிதியில் தொடங்குவதில்லை.

வரும் தையில் முதல் முறை நடக்க நினைப்பவர் மார்கழி பிறந்ததுமே நடக்கத் தொடங்கட்டும். பாதத்தை ஒரு மருத்துவரிடமும் பழகிய ஒரு குருசாமியிடமும் காட்டட்டும். தண்ணீர் கேட்கப் பழகட்டும். நடந்து திரும்பியபின் வரும் ஆடியில் தன் ஊர் ரோட்டோரத்தில் ஒரு குடமும் இரண்டு டம்ளரும் வைத்துவிட்டு, இருக்கன்குடிக்குப் போகிறவர்களை அழைத்துக் கொடுக்கட்டும். அந்தக் குடத்தை வைக்கும் வரைக்கும் முதல் யாத்திரை முடிந்ததாகக் கணக்கில்லை.